ஒரு டிரைவ் வாங்கப் போய் மூன்று வாங்கிய கதை

மாசி

மாசி மகத்தன்று விடியற்காலை நான்கரைக்கே கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போய் நின்றேன். சுற்றுவட்டாரச் சாமிகள் ஒவ்வொன்றாக மணலில் வந்து இறங்க இறங்க, தீர்த்தவாரி முடிவதற்குள் 1,100 படம் எடுத்தாகிவிட்டது. கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படமான ரா ஃபைல் ஒன்று 27 எம்பி. மொத்தம் 30 ஜிபி. வீட்டுக்கு வந்து கார்டைச் செருகினால் லேப்டாப்பில் இடம் இல்லை. என்னுடையது 512 ஜிபி லேப்டாப்.

வழக்கம்போல, ஆறு வருஷமாக வைத்திருக்கும் 1 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். டிக், டிக், டிக் என்று உள்ளிருந்து பல்லி மாதிரி சத்தம். பல்லி சொன்னால் பலன் உண்டென்பார்கள். இதற்கும் உண்டு.

சில சமயம் கரண்ட் போதாமலும் இந்தச் சத்தம் வரும். நான்கு போர்ட் உள்ள மலிவான ஹப்பில் மவுஸ், கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் தொங்கவிட்டால், டிஸ்க்கின் மோட்டார் சுழல முடியாமல் திணறும். அதனால் ஹப்பைக் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் செருகினேன். சத்தம் போகவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஹெட் என்ற படிக்கும் முனை, தகவல் பதிந்த தட்டைப் படிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்புவதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு தடவை செருகும்போதும் தட்டில் கீறல் விழலாம். நான் பத்து தடவை செருகினேன்.

சென்னையில் டேட்டா மீட்டுத் தரும் ஒரு இடத்தில் கேட்டதற்குச் சொன்ன தொகை என் லென்ஸ் விலையைவிட அதிகம். அதுவும் உத்தரவாதம் இல்லாமல். டிஸ்க்கில் இருந்ததில் பாதி பழைய கம்ப்யூட்டரிலும் இருந்தது. இல்லாமல் போனதில் பெரியது, திருக்கடையூரில் அப்பாவுக்கு நடந்த அறுபதாம் கல்யாணம். மாமா, அத்தை, சித்தி போன்களிலிருந்து வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன படங்களாகப் பொறுக்கி எடுத்தேன்.

பங்குனி

புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். ஒரு காலத்தில் பாண்டியில் வரி குறைவு என்று எலெக்ட்ரானிக்ஸ் வாங்க அங்கே போவோம். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் அந்த வித்தியாசம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன்.

"ஸ்பீடு வேணுமா சார், இடம் வேணுமா?"

"ரெண்டும் வேணும் தம்பி."

"அப்ப ரெண்டு வாங்குங்க."

விற்பனைப் பேச்சு என்று நினைத்து ஒன்றே ஒன்று வாங்கினேன். 1 டிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் டிரைவ். அட்டையில் விநாடிக்கு 1,050 எம்பி என்று கொட்டை எழுத்து. அந்தத் தம்பி சொன்னதுதான் சரி என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

வீட்டில் செருகியதும் முதலில் கண்ணில் பட்டது 931 ஜிபி. இதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. ஒரே நெல்லை இரண்டு மரக்காலில் அளப்பது மாதிரி.

அடுத்தது வேகம். அந்த மாசி மக ஃபோல்டரையே சோதனைக்கு வைத்துக்கொண்டேன். முதல் தடவை விநாடிக்கு 36 எம்பி. 30 ஜிபி ஏற 14 நிமிடம். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கே இதைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடியது! போலிச் சரக்கு என்றே முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்க பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மேஜையில் இருந்த கேபிளைக் கவனித்தேன். போன் சார்ஜரோடு வந்த கேபிள். இரண்டு முனையும் டைப்-சி, பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் சார்ஜர் கேபிள்களில் பலவற்றில் டேட்டாவுக்கு யுஎஸ்பி 2.0 கம்பிகள்தான் இருக்கும். அதன் உச்சமே விநாடிக்கு 480 மெகாபிட் (எட்டால் வகுத்தால் 60 எம்பி), கைக்குக் கிடைப்பது 35 முதல் 40 எம்பி.

டிரைவோடு டப்பாவில் வந்த, ஒரு சாண் நீளக் குட்டிக் கேபிளை மாட்டினேன். 430 எம்பி. லேப்டாப்பின் இடது பக்கத்து போர்ட் 5 ஜிகாபிட், அதில் இவ்வளவுதான் வரும். வலது பக்கம் இருந்த டைப்-சி 10 ஜிகாபிட். அதில் மாட்டியதும் 900 சொச்சம். 14 நிமிட வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. இப்போது அந்தக் குட்டிக் கேபிளில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அதை எடுத்து போன் சார்ஜ் போடக்கூடாது என்று சட்டம்.

குஷியில், கேமரா கார்டிலிருந்து நேரே எஸ்எஸ்டிக்கு ஏற்றிப் பார்த்தேன். 85 எம்பி! கார்டில் I என்று ரோமன் எழுத்து இருக்கிறதே, அந்த யுஎச்எஸ்-1 வகைக்கு உச்சவரம்பே 104 எம்பிதான். கார்டு கொடுக்கும் வேகத்தில்தானே டிரைவ் வாங்கும். 1,050-க்குக் கொடுத்த காசு படம் இறக்குவதற்கு உதவவே இல்லை. உதவியது வேறு இடத்தில். ரா ஃபைல்களை எஸ்எஸ்டியில் வைத்தபடியே திறந்து திருத்தும்போது லேப்டாப்பில் இருப்பது போலவே திறக்கின்றன. சுழலும் பாகம் இல்லாததால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டும் வேலை பார்க்கலாம். கடலூர்-பாண்டி ரோட்டுக் குலுக்கலுக்கு இது முக்கியம்.

சித்திரை

கத்திரி வெயில். 200 ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றியபோது பாதி வழியில் வேகம் படுத்துவிட்டது. தொட்டால் சுடுகிறது. சூடு ஏறினால் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுபோக, முதலில் வேகமாக வாங்கிவைக்கும் சின்னப் பகுதி ஒன்று உள்ளே உண்டு, அது நிரம்பியதும் உண்மையான வேகம் தெரிந்துவிடும். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்ததில் கொஞ்சம் தேறியது.

இதே மாதம் இன்னொரு அடி. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பையன் ஓடிவந்து கேபிளில் கால் இடறினான். திரும்பச் செருகினால் ஒரு ஃபோல்டர் முழுக்கப் புரியாத பெயர்கள். டிரைவ் கடையிலிருந்து வந்தபடியே எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம் என்பது அதன் வசதி. எழுதுவதற்கு முன் என்ன எழுதப்போகிறோம் என்று குறித்துவைக்கும் ஜர்னல் அதில் இல்லை என்பது அதன் பலவீனம். விண்டோஸின் சொந்த ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்ஸில் அது உண்டு, ஆனால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. பாண்டியில் மேக் வைத்திருக்கும் நண்பரோடு படம் பரிமாறுவதால் எஸ்எஸ்டியை அப்படியே விட்டேன்.

நல்லவேளை, கார்டை இன்னும் அழிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு இடத்தில் ஏறாமல் கார்டை ஃபார்மேட் செய்வதில்லை.

வைகாசி

மறுபடியும் அதே கடை. தம்பி சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, வேறு வேறு கம்பெனி. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய இரட்டையர்கள் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஏன் திரும்பவும் ஹார்ட் டிஸ்க்? விலை முதல் காரணம், அதே காசுக்கு எஸ்எஸ்டியில் பாதி இடம்கூட வராது. இரண்டாவது, எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கிறது. நன்றாக உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டியைக் கரண்ட் காட்டாமல் வருஷக்கணக்கில் போட்டுவைத்தால், அதுவும் வெக்கையில், அந்த மின்னூட்டம் கசியும். அலமாரியில் தூங்குவதற்குக் காந்தத் தட்டுதான் பொருத்தம்.

இதில் ஒன்று எழுதும்போது முதலில் 110 எம்பியில் ஓடி, பிறகு 30, 20 என்று இழுக்கிறது. கெட்டுப்போகவில்லை. இடத்தை மிச்சப்படுத்த, தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைக்க வேண்டும். ஒரு தடவை எழுதி, பலமுறை படிக்கும் பேக்கப் வேலைக்கு இது போதும். அதிலேயே வைத்து எடிட்டிங் செய்ய நினைத்தால் பைத்தியம் பிடிக்கும்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆன்லைனில் 16 டிபி பென்டிரைவ் 1,500 ரூபாய்க்கு வாங்கிக் கொண்டுவந்து காட்டினார். கொள்ளளவு சோதிக்கும் இலவசக் கருவி ஒன்றை ஓட்டினோம். உள்ளே உண்மையில் இருந்தது 64 ஜிபிக்கும் குறைவு. மீதி எல்லாம் பெயருக்கு, அதற்குமேல் எழுதியது காற்றில் போயிற்று. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, நானே விற்றது மாதிரி.

ஆனி

ஆபீஸில் ஆடிட். ஒன்றும் நடக்கவில்லை.

ஆடி

வீராம்பட்டினம் தேர்த் திருவிழா, 900 படம். அந்தப் படங்களை ஏற்றிய இரவுதான் அடுத்த முட்டாள்தனம்.

கையால் இழுத்துப் போடுவதை விட்டுவிட்டு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற பேக்கப் மென்பொருளை வைத்திருந்தேன். அதில் மிரர் என்றொரு முறை. லேப்டாப்பில் இருப்பது அப்படியே பேக்கப்பில் இருக்கும். அப்படியே என்றால் அப்படியேதான்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இடம் காலி செய்யும் மும்முரத்தில் பங்குனி ஃபோல்டர் ஒன்றைத் தவறுதலாக அழித்திருக்கிறேன். இரவு சிங்க் ஓடியது. காலையில் இரண்டிலும் இல்லை.

காப்பாற்றியது இரண்டாவது ஹார்ட் டிஸ்க். அதை மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். சோம்பேறித்தனத்தால் மூன்று வாரமாக அதைப் புதுப்பிக்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொன்ன ஒரே நாள் அது. இப்போது அழிந்தவற்றை உடனே தூக்கி எறியாமல் தேதி போட்டு வேறு ஃபோல்டரில் ஒதுக்கும்படி செட்டிங்கை மாற்றிவிட்டேன்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. எனக்கு எல்லாம் அமைந்துவிட்டதாகவே நினைத்தேன், ஐப்பசி வரும்வரை.

ஐப்பசி

மழை ஆரம்பித்ததும் வேறு கணக்கு ஓடியது. எங்கள் வீடு புதுப்பாளையம். ஆபீஸ் மஞ்சக்குப்பம். நடந்தால் பத்து நிமிடம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் இரண்டு இடத்திலும் ஒரே காற்று. 2015 மழை தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அது போனபின் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் பெண்ணையாற்றில் பெருகிக் கடலூருக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் வாசற்படியோடு நின்றது. என் டிரைவ்கள் இருப்பது பீரோவின் கீழ்த்தட்டில், ஆபீஸில் மேஜையின் கீழ் டிராயரில். தேடித் தேடி இரண்டு இடத்திலும் தண்ணீர் முதலில் வரும் உயரத்தில் வைத்திருக்கிறேன்!

இணையத்தில் ஏற்றலாமே என்று கணக்குப் போட்டேன். மொத்தம் 500 ஜிபி. எங்கள் வீட்டு இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 20 மெகாபிட், அதாவது விநாடிக்கு இரண்டரை எம்பி. நிற்காமல் ஓடினாலே 55 மணி நேரத்துக்கு மேல். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் 5 மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தால் பெரிது. தேர்ந்தெடுத்த ஜேபெக் படங்களை மட்டும் ஏற்றிவிட்டு, ஆபீஸ் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீடு.

கடற்காற்றில் பிளக் முனைகள் பச்சை பூத்துவிடுகின்றன, ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கிறது. அதனால் டிஸ்க்கை ஜிப் கவரில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு மூடியிருந்தேன்.

"டேய், இதை எங்கடா வைக்கறது?"

"பீரோவுல மேல்தட்டுலக்கா. பட்டுப்புடவைக்கு நடுவுல."

"அந்துருண்டை போட்டிருக்கேனே, ஒண்ணும் ஆகாதா?"

இந்தக் கேள்விக்கு எங்கே தேடியும் பதில் கிடைக்கவில்லை. கவரை இன்னொரு கவரில் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வீட்டு டிஸ்க்கையும் இதையும் மாற்றி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

வைப்பதற்கு முன் அவள் மகனின் லேப்டாப்பில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தில் ஐம்பது படம் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்பது திறந்தன. ஒரு ரா ஃபைலில் பாதிக்குக் கீழே ஊதா நிறக் கோடு. வீட்டுக்கு வந்து பார்த்தால் லேப்டாப்பிலும் அதே கோடு. ஆக, கார்டிலிருந்து இறங்கும்போதே கெட்டிருக்கிறது. கெட்டுப்போன படத்தை மூன்று இடத்தில் பத்திரமாகப் பாதுகாத்துவந்திருக்கிறேன். இறக்கும்போதே ஒப்பிட்டுச் சரிபார்க்கும் காப்பி மென்பொருள் தேடுவதுதான் கார்த்திகை மாத வேலை.

நெய்வேலியில் நான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா அறுபதாம் கல்யாணப் படம் இதுல இருக்கா?"

"இருக்குக்கா. போன்ல பாக்கற அளவுல இருக்கு."

"டிவியில போட்டுக் காட்டேன்."

"டிவியில வேணாம்க்கா. கட்டம் கட்டமாத் தெரியும்."

இருந்தாலும் போடச் சொன்னாள். போட்டேன்.