ஏன் வலிக்க வேண்டும்?

பல் மருத்துவர் ஈறில் ஊசி போடுகிறார். அதிலுள்ள லிடோகெய்ன் என்ற மரத்துப்போகவைக்கும் மருந்து, நரம்பு இழைக்குள் சோடியம் நுழையும் வாயில்களை அடைக்கிறது, சமிக்ஞை மூளைக்குப் போவதில்லை, வலியும் இல்லை. இதுவரை எல்லாம் வேதியியல்தான். ஆனால் ஊசி போடாதபோது அந்தச் சமிக்ஞை ஏன் வலிக்க வேண்டும்? சோடியம் அயனி உள்ளே நுழைவதற்கும் எனக்கு உயிர் போவதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் ‘கடினமான சிக்கல்’ என்றது இதைத்தான்.

1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோப் காக் அவரோடு பந்தயம் கட்டினார். நனவுக்கான, அதாவது நாம் எதையும் உணர்வதற்கான, மூளைத் தடயம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று. 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். இத்தனைக்கும் பந்தயம் மூளையில் என்ன நடக்கிறது என்பது பற்றித்தான். அது ஏன் உணர்வாகிறது என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை.

“உயிரையும் ஒரு காலத்தில் மர்மம் என்றார்கள், அறிவியல் தீர்த்துவைத்ததே” என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அங்கே விளக்க வேண்டியிருந்தது வளர்வது, செரிப்பது, பெருகுவது போன்ற செயல்களை. இங்கே உணர்வையே விளக்க வேண்டும். அதற்காக ஆன்மா என்று ஓடவும் மனமில்லை. மயக்க மருந்து கொடுத்தால் அதுவும் சேர்ந்தல்லவா காணாமல் போகிறது!

இன்னொரு தத்துவவாதி டேனியல் டென்னட் அப்படி ஒரு தனிச் சிக்கலே இல்லை, எல்லாம் மூளை காட்டும் தோற்றம் என்றார். சரி, வலிப்பதாகத் தோன்றினால் அதுவே வலிதானே?