கல்லணைக் கரையில் ஒரு குலுக்கல் கதை

ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம். விடியற்காலையில் கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரிக் கரையோடு ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் டிவிஎஸ் 50-இல் மாமா, தண்ணீர் பாட்டிலோடு. ஆற்றில் மேட்டூர்த் தண்ணீர் கலங்கலாக, கரை தொட்டுப் போனது.

முதல் நாள் ராத்திரிதான் லண்டன் மாரத்தானிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. இடமில்லை.

"பணம் கட்டினா ஓட விடமாட்டானாமா?" என்றார் மாமா.

"குலுக்கல் மாமா. 2026 ஓட்டத்துக்கே 11 லட்சம் பேருக்கு மேல பேர் குடுத்திருந்தாங்க."

"அட, குடவோலை!"

மாமா சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி ஓலையில் பெயர் ஏறவே கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது என்று தகுதி பார்த்தார்கள். லண்டன் பொதுக் குலுக்கலில் 18 வயது ஆனவர் யாரும் பெயர் கொடுக்கலாம், வேகம் கேட்பதில்லை.

அறக்கட்டளைக்கு நிதி திரட்டித் தந்தும் இடம் வாங்கலாம் என்றேன். "அது மண்டகப்படி," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நியூயார்க்கில் ஓட்டச் சங்க உறுப்பினர் ஒரே வருடத்தில் அவர்களுடைய 9 பந்தயம் ஓடி, ஒன்றில் தொண்டும் செய்தால் அடுத்த வருடம் இடம் உறுதி. அங்கேயே குடியிருப்பவனுக்குத்தான் தோது.

பாஸ்டன் கதைக்குத்தான் மாமா வண்டியை நிறுத்தினார். அங்கே குலுக்கல் கிடையாது, வயதுக்குத் தக்க நேரக் கெடு. 40 முதல் 44 வயது ஆண் என்றால் 3 மணி 5 நிமிடம். அதற்குள் ஓடிவிட்டாலும் போதாது. 2026-க்குத் தகுதியோடு விண்ணப்பித்தவர்கள் 33,000-க்கும் மேல். இடமோ சுமார் 24,000. வேகமானவர்களுக்கு முதலில் கொடுத்துக்கொண்டே வந்து, கெடுவைவிட 4 நிமிடம் 34 விநாடி முந்தியவரோடு நிறுத்திவிட்டார்கள்.

"நம்ம கடைமடைதான் மாப்ள. ஆயக்கட்டுல பேரு இருக்கும், வரியும் கட்டுவான். முறை வச்சி விடுறப்ப மேல இருக்குறவன் வயலோட தண்ணி நின்னுடும்."

பெண்ணை வேதாரண்யம் பக்கம் கொடுத்திருக்கிறார். அங்கே தண்ணீர் எட்டியதா என்று தினமும் போனில் கேட்பவர். என் நேரம் 3 மணி 2 நிமிடம் என்று அவரிடம் சொல்லவில்லை.

திருக்காட்டுப்பள்ளியில், குடமுருட்டி பிரிகிற இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"அப்ப லண்டனுக்கு அடுத்த வருசமும் ஓலை போடுவியா?"

"போடுவேன் மாமா."

"ஏம்பேரையும் சேத்துப் போடு. எனக்கு அறுபத்தெட்டுதான் ஆவுது."