டீசல் எங்கை அடிச்சனி?

ஜனவரியில் ட்ரக் நின்றுவிட்டது என்று யார் போன் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். எங்கே நிற்கிறாய், என்ன குளிர் என்பதெல்லாம் பிறகு. குளிரில் டீசலுக்குள் இருக்கிற மெழுகு பிரிந்து கட்டுகிற வில்லங்கம் அனேகமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு அங்கால், ஜாக்கெட்கூடப் போடாமல் பம்படியில் நின்று டாங்கை நிரப்பிய இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ரொறன்ரோவில் இருந்து ஓடுகிற எங்கள் பெடியள் கனபேருக்கு அமெரிக்காவின் 75ஆம் நெடுஞ்சாலை பழக்கம். புளோரிடாவில் தொடங்கி, மிச்சிகன் முழுக்க ஏறி, சூ செயின்ட் மரியில் கனடா எல்லையோடு முடியும். தோடம்பழம் ஏற்றிக்கொண்டு தண்டர் பேக்குப் போகிறவன் டெனசியில் இரண்டு டாங்கையும் முட்ட அடித்தால் சுப்பீரியர் ஏரிக்கரை வரை தாராளமாகக் காணும். கம்பனிக்கும் அதுதான் விருப்பம், இங்கே விட அங்கே மலிவு. ஆனால் அந்த டீசல் அந்த ஊர்க் குளிருக்குச் செய்தது. சாதாரண இரண்டாம் நம்பர் டீசலில் மைனஸ் 10 பாகையை அண்டியே, சிலவேளை அதற்கு முதலே, மெழுகு பிரியத் தொடங்கிவிடும். கனடாவில் இடத்தையும் மாதத்தையும் பார்த்து ஆலைகளே கலவையை மாற்றுகின்றன, அதனால் உள்ளூர் டீசலில் ஓடுகிறவனுக்கு இந்தத் தலையிடி குறைவு. பயோடீசல் கலந்ததென்றால் இன்னும் கவனம் வேண்டும். சோயா எண்ணெயில் செய்தது 0 பாகையை அண்டியே கலங்கும். மினசோட்டாவில் கோடையில் 20 வீதம் கலக்கிறவர்கள் குளிர்காலத்தில் 5 வீதத்துக்குக் குறைப்பது சும்மா இல்லை. பம்பில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒருக்கால் வாசித்தால் போதும், எங்கள் ஆட்களில் அதை வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்றுதான் தெரியவில்லை.

ஒருமுறை, எல்லை தாண்டி தண்டர் பேக்குப் போகிற பாதையில், வாவா என்ற ஊர் கழிந்து வைட் ரிவருக்குப் போகிற வழியில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணை, ஏத்தத்தில இழுக்குதில்லை. மிதிச்சாலும் ஸ்பீட் ஏறுதில்லை."

"டீசல் எங்கை அடிச்சனி?"

"நொக்ஸ்வில்லில, டெனசியில."

சரி, மிச்சம் கேட்கத் தேவையில்லை. அவனுடைய ட்ரக்கில் இருந்தது மேல்மூடி கண்ணாடி போலத் தெரிகிற ஃபில்டர். புதிதாகப் போட்டால் டீசல் அடியில் கிடக்கும், ஃபில்டர் அடைக்க அடைக்க மட்டம் மேலே ஏறும். இறங்கிப் பார்க்கச் சொன்னேன். முட்ட ஏறி, மஞ்சள் போய் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்ததாம். டாங்க் உறைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், ஆனால் டாங்கில் டீசல் அப்போதும் தளும்பிக்கொண்டுதான் இருக்கும். மெழுகுத் துகள்கள் ஃபில்டர் தாளில் போய்ப் படிந்து வழியை மூடிவிடுகின்றன, எஞ்சின் பட்டினி கிடந்து சாகிறது.

அவன் சூ செயின்ட் மரி தாண்டி, குளிர் ஏறியபிறகு, டீசலில் கலக்கிற வெள்ளைப் போத்தல் மருந்தை வாங்கி ஊற்றியிருக்கிறான். அது பிந்திப்போன வைத்தியம். அந்த மருந்து மெழுகு வராமல் தடுப்பதில்லை, வருகிற மெழுகைப் பெரிதாக வளரவிடாமல் ஃபில்டருக்குள்ளால் போகிற அளவில் வைத்திருக்கும். அதனால் டீசல் சூடாக இருக்கும்போதே, அதுவும் பம்பைத் திறக்க முதலே டாங்கில் ஊற்றிவிட்டு, மேலே டீசலை அடிக்கவேண்டும், தானாகக் கலந்துவிடும். கட்டினபிறகு ஊற்றுவது, குளிரில் இறுகின தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணியில் வைக்காமல் குலுக்கிப் பார்க்கிற மாதிரி. பிறகு வேறு வழியில்லை: கட்டின மெழுகை இளக்குகிற சிவப்புப் போத்தல் மருந்து, புது ஃபில்டர், சூடு. ஃபில்டரும் அதைக் கழற்றுகிற சாவியும் ட்ரக்கிலேயே கிடக்கவேண்டும், அவனிடம் இரண்டும் இல்லை.

காற்றோடு சேர்த்து மைனஸ் 45 என்று ரேடியோவில் சொன்னால் சிலர் டீசலுக்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். காற்று நம் தோலுக்குத்தான் அப்படி. வெளியே மைனஸ் 30 என்றால் டீசல் மைனஸ் 30க்குக் கீழே போகாது, கெதியாக அங்கே போய்ச் சேரும், அவ்வளவுதான். பழைய ஆட்கள் சொல்கிற மண்ணெண்ணெய் வைத்தியம் இந்தக் காலத்து ட்ரக்குக்குச் சரிவராது, கந்தகம் கூடின மண்ணெண்ணெய், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற புகைவடியைக் கெடுத்துவிடும். மெழுகு குறைந்த முதலாம் நம்பர் டீசல் கிடைத்தால் அதைக் கலக்கலாம், காசு கூட, ஆனால் வேலை செய்யும். பெற்றோல் கலக்கச் சொல்கிறவனோடு கதையே வேண்டாம்.

நான் இப்போது மிச்சிகன் வடக்கில் டாங்க் அரைவாசிக்கு இறங்குகிற மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் தெற்கில் அடிப்பேன், மிச்சத்தை வடக்கில் நிரப்புவேன். கம்பனியில் ட்ரக்குகளை அனுப்புகிற டிஸ்பாச்சில் இருக்கிறவருக்கு இது பிடிக்காது, கலனுக்கு இத்தனை சதம் நட்டம் என்று கணக்குக் காட்டுவார். இழுவை ட்ரக் அங்கே வர எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று நான் திருப்பிக் கேட்பேன், பேச்சு அதோடு நிற்கும்.

ஒரு விஷயம் புதுப் பெடியளுக்குப் பிடிபடுவதில்லை. படுக்கிற அறையைச் சூடாக்குகிற சின்ன ஹீட்டரும் அனேகமாக அதே டாங்கில் இருந்துதான் குடிக்கிறது. எஞ்சினை நிறுத்தின அதே மெழுகு அதையும் நிறுத்தலாம். வைட் ரிவர் பக்கம் நெடுந்தூரத்துக்கு போனுக்குச் சிக்னலும் இல்லை. அதனால் கடும்குளிருக்கான தூங்குபை ஒன்று என் மேல்கட்டிலில் எப்போதும் கிடக்கும், அது வெயில் ஊருக்குப் போகும்போதும் கூடவே வரும்.