மகரகம குறோசிங்

மார்ச் 4

பிரஷர் காலை 150/95. இரவு 145/90. இடப்பக்கம் சரிந்தே படுக்க வேண்டுமாம். லப்டொப்பைத் தலையணையில் சாய்த்து வைத்தால் என் ரெயில் விளையாட்டின் தண்டவாளமும் சரிவாகவே தெரிகிறது. பழகிவிட்டது.

07:12க்கு மறுபடியும் அதே கதை. மருதானையிலிருந்து போகிற வண்டி மகரகம மேடையில் நிற்கிறது. அவிசாவளையிலிருந்து வருகிற வண்டி பன்னிப்பிட்டிப் பக்கச் சிக்னலில் நிற்கிறது. இரண்டுக்கும் சிவப்பு. கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தேன். 09:40 ஆகியும் அப்படியே நிற்கிறார்கள். நடுவில் லூப், ஒதுங்கி நிற்கிற பக்கத் தடம், வெறுமையாகக் கிடக்கிறது.

மார்ச் 5

பதினொரு மணிக்குள் வயிற்றில் பத்து அசைவும் வந்துவிட்டது. நல்ல பிள்ளை.

மார்ச் 6

விளங்கிவிட்டது. பிழை என்னுடையதுதான்.

இந்த ஓப்பன் ரெயில்ஸ் விளையாட்டில் கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டி, நாங்கள் வரைந்து கொடுத்த பாதையில்தான் போகும். பக்கத்தில் இன்னொரு தடம் இருக்கிறதே, கொஞ்சம் ஒதுங்குவோம் என்று தானாக யோசிக்காது. மகரகமவில் இரண்டு வண்டிக்கும் நான் ஒரே தடத்தைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ள துண்டைப் பதிவு செய்துகொண்டு நகரும். மற்றது பதிவு செய்த துண்டுக்குள் நுழைய முடியாது. கடைசியில் இரண்டுமே எதிரில் இருப்பது நகரட்டும் என்று நிற்கும். சிக்னலைக் குறை சொல்லி இரண்டு நாள் சிக்னல் ஸ்க்ரிப்டைக் கிண்டியது வீண்.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்குப் போகிற களனிவெளிப் பாதையை ஏன் பிடித்தாய் என்று இவர் கேட்கிறார். கரையோரப் பாதை சன்னலுக்கு வெளியே ஓடுகிறதே, அதைச் செய்தால் படத்துக்கும் அலைய வேண்டாமே என்கிறார். வெள்ளவத்தையில் இரண்டு தடம், களுத்துறை தெற்கு வரைக்கும் இரண்டு தடம். போவது ஒன்றில், வருவது மற்றதில். அதில் என்ன இருக்கிறது? களனிவெளி ஒற்றைத் தடம். இரண்டரை அடிச் சிறுபாதையாகப் போட்டது, 1902இல் அவிசாவளைக்கு வந்தது. பிறகு எட்டியாந்தோட்டைக்கும், இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்கவுக்கும் ஓடியது. 90களில்தான் அவிசாவளை வரை அகலப்பாதை ஆக்கினார்கள். சின்ன வண்டிக்கு வெட்டிய வளைவுகளில் இப்போது பெரிய வண்டி நெளிந்து நெளிந்து போகிறது. நாரஹேன்பிட்டியில் வேலை செய்த காலத்தில் தினமும் அதில் போனவள் நான். எதிர் வண்டி கடக்கும் வரைக்கும் ‘குறோசிங்’ என்று சொல்லி நிறுத்துவார்கள். பெட்டியில் யாரும் அசையமாட்டார்கள். கடலைக்காரர் மட்டும் ஒருமுறை கூடுதலாக நடப்பார்.

மார்ச் 7

அம்மா கிளிநொச்சியிலிருந்து கோல். நான் வா என்று சொன்னால் வருவாராம். வா என்று சொல்ல எனக்கு மனமில்லை. தோட்டம், மாடு, அப்பாவின் கால். அவராக வருகிறேன் என்று சொல்லட்டும் என்று இருக்கிறேன். அரை மணித்தியாலம் வெயிலைப் பற்றிக் கதைத்தோம்.

மார்ச் 9

போகிற வண்டிக்கு லூப், வருகிற வண்டிக்கு மெயின் என்று பாதையைத் திருத்தினேன். போகிற வண்டி வடிவாக லூப்பில் ஒதுங்கியது. எழும்பி உட்கார்ந்துவிட்டேன் (திட்டு வாங்கினேன்). ஆனால் மற்றது இன்னும் வெளியேதான் நிற்கிறது.

கமராவைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தால், கடைசிப் பெட்டி, தடம் பிரிகிற பொயின்ட் மேல் கிடக்கிறது. எட்டுப் பெட்டி, பெட்டிக்கு 20 மீற்றர், மொத்தம் 160. நான் போட்ட லூப் 140. வால் உள்ளே வராமல் கடக்க முடியாது, கம்ப்யூட்டர் செய்ததுதான் சரி. லூப்பை நீட்ட வேண்டும். நீட்டினால் லெவல் குறோசிங்கும் பின்னாலிருக்கிற கடையும் தள்ள வேண்டும். அந்தக் கடையைச் செய்ய எனக்கு ஒரு கிழமை போனது.

இரண்டு பெட்டியைக் கழற்றினேன். கடை தப்பியது.

மார்ச் 10

ஒரு மணி வரைக்கும் 4 அசைவுதான். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், சீனி போட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன், வயிற்றைத் தட்டினேன், பாட்டுப் போட்டேன். மூன்றரைக்கு ஒரேயடியாக ஆறு. நித்திரையாம் துரைக்கு.

மார்ச் 11

இவருக்கு ஊர் ஹட்டன். மலைநாட்டுப் பாதையில் டெப்லட், அடுத்த துண்டுத் தடத்துக்குள் போக அனுமதி வில்லை, கொடுப்பதைச் சின்ன வயதில் நின்று பார்ப்பாராம். வண்டி நகரும்போதே ஒருவர் வளையத்தை நீட்டுவார், சாரதி கையை விட்டுக் கோர்த்துக்கொள்வார். “அது கையில இல்லாம கோச்சி அங்கால நகராது. ஒரு துண்டுக்கு ஒண்டுதான் வெளியில வரும். உன்ட கம்ப்யூட்டருக்கு அப்பிடி ஒண்டு குடு, சண்டை முடிஞ்சுது” என்கிறார், ஏதோ நான் யோசிக்காததைப் போல.

ஆனால் விஷயம் அதேதான். 1874இல் இங்கிலாந்தில் நோரிச்சுக்குப் பக்கத்தில் தோர்ப்பில் ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டி நேருக்கு நேர் மோதின. இரண்டையும் தடத்துக்குள் விட்டது தந்தியில் நடந்த ஒரு குழப்பம். அதற்குப் பிறகுதான் டையர் என்பவர் இந்த டெப்லட் பெட்டியைச் செய்தார். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவில் மின்கம்பி. ஒரு டெப்லட் வெளியே இருக்கும் வரைக்கும் இரண்டு பெட்டியும் இன்னொன்றைத் தராது. மோதல் நடக்காது. யார் முதலில் போவது என்பதை மட்டும் அந்தப் பெட்டி சொல்லாது. அதை ஒரு ஆள்தான் சொல்ல வேண்டும். எனக்கு மோதல் ஒருநாளும் வரவில்லையே. நிற்பதுதான் என் வியாதி.

மார்ச் 12

அட்டவணைப்படி ஓடினால் குறோசிங் சரியாக நடக்கிறது. வேண்டுமென்றே வருகிற வண்டியை ஹோமாகமவில் நாலு நிமிடம் பிந்தவைத்தேன். போகிற வண்டி மகரகமவில் 07:15 ஆனதும் கிளம்பிவிட்டது. எதிரில் ஆள் வரவில்லையே என்ற யோசனை இல்லை. முன்னால் தடம் சும்மா இருக்கிறது, நேரமும் ஆகிவிட்டது, போகிறது. ஹோமாகமவில் இரண்டுக்கும் மெயின்தான் கொடுத்திருக்கிறேன். போய் வெளியே நின்றது. பழைய கதை, புது ஊர்.

இதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. எக்செல் தாளில்தான் அட்டவணை எழுதுவது, வண்டிக்கு ஒரு நிரல், ஸ்டேஷனுக்கு ஒரு வரிசை. அந்தக் கட்டத்தில் டொலர் குறி போட்டு வெயிட் என்று எழுதி, எந்த வண்டிக்காக என்று பெயரைக் கொடுக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து இரண்டும் பகிர்கிற முதல் துண்டைத் தேடிப் பிடித்து, மற்றது அதைத் தாண்டும் வரை இதை விடாது. போகிற வண்டிக்கு மகரகமவில் எழுதினேன். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று வருகிற வண்டிக்கும் ஹோமாகமவில் எழுதிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 13

கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. உப்பில்லாத சொதி. பார்க்க வந்த மாமி தன் மருமகளின் எட்டாம் மாதக் கதையைச் சொல்லிவிட்டுப் போனார். வராமலே இருந்திருக்கலாம்.

இரண்டு வண்டியும் நிற்கின்றன. ஒன்று மகரகமவில், ஒன்று ஹோமாகமவில். நடுவில் முழுப் பாதையும் வெறுமை.

மார்ச் 14

ஹோமாகம வெயிட்டை அழித்தேன்.

07:21. வருகிற வண்டி பன்னிப்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்து மெயினில் நின்றது. வால் பொயின்டைத் தாண்டியது. ஒரு மூச்சு விடும் நேரம். லூப்பின் சிக்னல் பச்சை. போகிற வண்டி ஆறு பெட்டியோடு அதன் பக்கத்தால் நகர்ந்து போனது. பத்துத் தரம் ஓடவிட்டேன். நாலு, ஏழு, பன்னிரண்டு நிமிடம் என்று பிந்தவைத்தும் பார்த்தேன், காத்திருக்கிறது. இவரை எழுப்பிக் காட்டினேன். “ரெண்டும் போயிட்டுதே, அப்ப படு” என்றார்.

மார்ச் 15

140/90. அம்மா தானாகவே டிக்கட் போட்டுவிட்டார். சனிக்கிழமை வருகிறார்.

மார்ச் 17

சும்மா இருந்திருக்கலாம். போகிற வண்டிக்குப் பின்னால் பாதுக்கை வண்டி ஒன்றைச் சேர்த்தேன். லூப்பில் ஒன்று, மெயினில் ஒன்று, மூன்றாவது வந்து நாவின்னப் பக்கச் சிக்னலில் நிற்கிறது, அதற்கும் மெயினையே கொடுத்திருக்கிறேன். வருகிற வண்டி வெளியேற வேண்டிய வழியே அதுதான். அந்த வண்டி போனால்தான் மூன்றாவதுக்கு இடம், மூன்றாவது விலகினால்தான் அந்த வண்டிக்கு வழி. மூன்றாவதை நுகேகொடையிலேயே பிடித்து வைக்க வேண்டும், அங்கேயும் லூப் இருக்கிறது. அப்படியானால் நுகேகொடை லூப்பும் ஆறு பெட்டி கொள்ளுமா என்று அளக்க வேண்டும்.

ஆறு மணிக்கு 8.

தலையிடி. திரை வெளிச்சமாக இருக்கலாம்.

மார்ச் 18

ஃபோனில் எழுதுகிறேன். இரவு 170/110, ஓட்டோவில் வந்தோம். லப்டொப் வீட்டில், அப்படியே திறந்து கிடக்கும். நுகேகொடையில் வெயிட் எழுதினேன், தாளைச் சேமித்தேனா என்று நினைவில்லை. இவரிடம் சொல்ல வேண்டும், மூட வேண்டாம் என்று. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கு மூன்றாவது பிள்ளையாம், குறட்டை விட்டுத் தூங்குகிறாள். தாதி வருகிறார், ஃபோனை வைக்கச் சொல்