அம்பாசிடரின் கார்க் பேக்கிங்

"இந்தப் போல்ட்டை இப்படி உயிரைக் கொடுத்து முறுக்கினது யாரு தம்பி?"

பழைய அம்பாசிடருக்கு அடியிலிருந்து மெக்கானிக் அண்ணனின் குரல்.

கழற்றிய ஆயில் சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தகட்டுத் தொட்டியை, வெளியே தள்ளினார். ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் விளிம்பு பிதுங்கியிருந்தது. இடுக்கில் கசிவை அடைக்கும் கார்க் பேக்கிங் கருகிய அப்பளமாக நொறுங்கியது.

ஆயில் கசிந்தால் நம் ஆட்கள் போடுவது இன்னொரு முறுக்கு. கார்க் நசுங்கும், தகடு வளையும், கசிவு கூடும்.

பலகையில் வைத்துத் தட்டி விளிம்பைச் சமமாக்கினார். காய்ந்து சுருங்கியிருந்த புது கார்க்கைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தன.

அப்புறம் ஒன்று. இந்த 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினில், சுழலும் தண்டைத் தாங்கும் முன், பின் பேரிங் மூடிகளுக்குத் தனிக் கார்க் பட்டை உண்டு. கடையில் கேட்டு வாங்குங்கள். அதை மாற்றாமல் எவ்வளவு சிலிக்கோன் பசை பூசினாலும் பின்பக்கம் சொட்டும்.