பன்னிரண்டு வருடக் குவினைன்

“அதை நிப்பாட்டிப்போட்டு நான் என்னெண்டு பிள்ளை நித்திரை கொள்ளுறது?”

கேட்ட அம்மாவுக்கு 79 வயது, யாழ்ப்பாணத்துக்காரர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இங்கிலாந்தில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் ஜிபி சர்ஜரிக்கு, அதாவது குடும்ப மருத்துவர் கிளினிக்குக்கு, வந்திருந்தார். மாதாமாதம் தானாகப் போகும் அவருடைய ரிப்பீட் பட்டியலில் குவினைன் சல்ஃபேட் 300 மில்லிகிராம், இரவு ஒன்று என்று இருந்தது. ஒரு குளிர்காலத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுத்ததற்காகத் தொடங்கிய மாத்திரை. 12 வருடம் ஆகிவிட்டது.

குவினைனைக் கால் இழுப்புக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்எச்ஆர்ஏ 2010இலேயே சொல்லிவிட்டது. வலி தாங்க முடியாமல், அடிக்கடி தூக்கம் கெட்டு, வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, மற்ற வழிகளும் பலிக்காவிட்டால் மட்டும் தரலாம். நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். பலன் தெரிந்தாலும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த அம்மாவை யாரும் ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கச் சொல்லவில்லை. நானே இரண்டு முறை அந்தப் பட்டியலைக் கடந்து போயிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

“மரப்பட்டையில இருந்து எடுக்கிற மருந்துதானே, என்ன செய்யப்போகுது?” என்றார்.

நான் கூடலூர்க்காரி. ஊட்டிக்கு ஏறும் வழியில் இருக்கும் நடுவட்டம், வெள்ளைக்காரர் காலத்தில் சிங்கோனா வளர்த்துப் பட்டையிலிருந்து குவினைன் எடுத்த ஊர். மலேரியாவில் சாகக் கிடந்தவர்களை எழுப்பிய மருந்து என்ற மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் மலேரியாவுக்கு ஒரு வாரம் கொடுப்பதும், கால் இழுப்புக்கு 12 வருடம் தினமும் விழுங்குவதும் ஒன்றல்ல, அம்மா என்றேன். மிக அரிதாக, இது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் திடீரென்று சரித்துவிடும். அப்படி ஒருமுறை ஆனவர் குவினைன் கலந்த டானிக் வாட்டரைக்கூடத் தொடக்கூடாது. இதயத் துடிப்பின் தாளத்தையும் குலைக்கக்கூடும். கிடைக்கும் பலனோ சுமார்தான்: பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கோக்ரேன் தொகுப்பின்படி இரண்டு வாரத்தில் இழுப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைகிறது. பத்து தடவை இழுத்தது ஏழு தடவை ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் காதைப் பற்றிக் கேட்டேன். “இரைச்சல் இருக்குது. வயசுதானே.” வயதாகவும் இருக்கலாம், குவினைனாகவும் இருக்கலாம். காது இரைச்சலும் தலைவலியும் அதன் பழைய அடையாளங்கள். பல வருடமாகக் காது இரைந்துகொண்டிருந்தும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பட்டியலில் குவினைனுக்கு மேல் வரியிலேயே இண்டபமைட் இருந்தது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் மாத்திரை. அது குவினைனுக்குச் சில மாதம் முன்புதான் தொடங்கியிருந்தது. இந்த வகை மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும், கால் இழுப்பையும் கொண்டுவரலாம். ஒரு மருந்து கொடுத்த தொந்தரவுக்கு இன்னொரு மருந்தா? இதைத்தான் முதலில் தேடவேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. தைராய்டு, சிறுநீரகம், பாதத்தின் நாடித்துடிப்பு எல்லாம் சரி.

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. அதனால் டாக்டரிடம் பேசி முதலில் நீர் மாத்திரைக்குப் பதில் வேறொன்று. ஒரு மாதம் கழித்துத்தான் குவினைனை நிறுத்திப் பார்ப்பது. “நிரந்தரமாக இல்லை அம்மா, நான்கு வாரம் பார்ப்போம். முடியாவிட்டால் போன் பண்ணுங்கள், திரும்பப் பேசுவோம்” என்றேன். அந்தக் கதவைத் திறந்து வைக்காமல் மாத்திரையைப் பிடுங்கக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு இருட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தனியாக அழுதவர்களுக்கு அந்த மாத்திரை எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தைரியம் கொடுத்தது 2005இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு. குவினைனை நிறுத்திப் பாருங்கள் என்று சொல்லப்பட்ட முதியவர்களுக்கு இழுப்பு குறிப்பிடும்படி கூடவில்லை. அதே ஆய்வில் கெண்டையை நீட்டும் பயிற்சி பலிக்கவில்லை. 2012இல் நெதர்லாந்தில் நடந்த சிறிய ஆய்வில் பலித்தது. செலவில்லாத, ஆபத்தில்லாத காரியம் என்பதால் நான் சொல்லிக் கொடுக்கிறேன். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையில் பதிந்திருக்க, முன்னால் சாய வேண்டும். தடுமாறுபவர்கள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

நாட்காட்டியில் இழுத்த இரவுக்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன். நிறுத்திய முதல் வாரம் மூன்று புள்ளி. இரண்டாவது வாரம் இரண்டு. அதற்கடுத்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்து இரண்டே புள்ளி, அதாவது மாத்திரை போட்டபோது இருந்த அளவுதான். காது இரைச்சல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

அந்த அம்மாவின் வீட்டில் ஐந்து வயதுப் பேரன் இருக்கிறான். அதிகமாக விழுங்கினால் குவினைன் பார்வையையே பறித்துவிடும். மீதி மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். “ஒரு அட்டையை மட்டும் வச்சிருக்கட்டோ?” என்று கேட்டார். வேண்டாம் அம்மா, தேவைப்பட்டால் நானே எழுதி வாங்கித் தருகிறேன் என்றேன். அடுத்த நாள் காலையில் மகளோடு வந்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.