உறுப்பு தானத்துல ஓடற வண்டி

எங்கப்பாவோட மேக்ஸ் 100 பைக்கு எங்க மாட்டுக் கொட்டாயில பதினோரு வருஷமா படுத்திருந்துச்சு. நின்னுட்டிருந்துச்சுன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா ஸ்டாண்டு துருப்புடிச்சு ஒடைஞ்சதுல இருந்து மொதல்ல செவுத்துல சாஞ்சு, அப்பறம் தவுட்டு மூட்டை மேல சாஞ்சு, கடைசில ஒரேடியா படுத்துருச்சு. சீட்டு கிழிஞ்ச பஞ்சுக்குள்ள அம்மா வளக்கற கோழி ஒண்ணு ரெண்டு தடவை குஞ்சு பொரிச்சிருக்கு.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. இந்த வண்டில ரெண்டு பக்கமும் கேன கட்டிக்கிட்டு அப்பா சொசைட்டிக்கு பால் ஊத்துனாரு. ஓசூர் பேக்டரில செஞ்ச வண்டி, டிவிஎஸ்ஸும் சுசுகியும் ஒண்ணா இருந்த காலத்து சரக்கு, 2001-ல அவங்க பிரிஞ்சிட்டாங்க. 2004-ல எங்க மாவட்டத்தையும் ரெண்டா பிரிச்சுட்டாங்க. இப்ப நாங்க கிருஷ்ணகிரி, ஆனா வண்டி நம்பர் இன்னும் தருமபுரியோட டிஎன் 29. எல்லாரும் பிரிஞ்சு போயிட்டாங்க, நம்பர் பிளேட்டு மட்டும் கூட்டுக்குடும்பத்துலயே இருக்கு.

போன கோடையில நான் லீவுல வந்தப்ப இத ஓட வெச்சே தீருவேன்னு ஒரு வெறி. தூக்கி நிறுத்தி பாத்தா டேங்க காணோம். அப்பாவ கேட்டா, "எவனோ திருட்டுப்பய தூக்கிட்டு போயிட்டான்"னாரு. கொட்டாயில ரெண்டு கறவை மாடு, ஒரு தண்ணி மோட்டரு எல்லாம் இருக்க, துருப்புடிச்ச டேங்க மட்டும் நாலு நட்டு கழட்டி எடுத்துட்டு போற திருடன் எந்த ஊரு திருடன்னு கேட்டேன். அப்பா பதில் சொல்லாம மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டாரு.

எங்க ஊரு மெக்கானிக்க நாங்க மாமான்னுதான் கூப்புடுவோம். வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, "மாப்ள, இதுல உசுரு இருக்கு, ஒடம்புதான் இல்ல"ன்னாரு. எஞ்சின் ஜாம். பிளக்க கழட்டி ஓட்டை வழியா டீசல் ஊத்தி ஒரு வாரம் ஊற வெச்சாரு, எங்கம்மா ஊறுகாய்க்கு கூட அவ்வளவு நாள் விட்டதில்ல. பிஸ்டன் ஒருவழியா அசைஞ்சுது, ஆனா பிஸ்டன் ஏறி எறங்கற போருக்குள்ள கோடு கோடா இருந்துச்சு. கிருஷ்ணகிரில லேத்து பட்டறைல குடுத்து ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். இந்த வேலை வரைக்கும்தான் ஒழுங்கா நடந்துச்சு.

மேக்ஸுக்கு பார்ட்ஸ் தேடறது சொந்தத்துல பொண்ணு தேடற மாதிரி, எல்லாரும் இருக்குதும்பாங்க, போய் பாத்தா இருக்காது. புதுப்பேட்டைக்கு போனா கெடைக்கும்னாங்க, யாரு மெட்ராஸ் வரைக்கும் போறது, பெங்களூரு நமக்கு பக்கம்னு பஸ் ஏறி சிவாஜிநகர்ல பழைய பார்ட்ஸ் விக்கிற சந்து சந்தா அலைஞ்சு, எனக்கு தெரிஞ்ச நாலு வார்த்தை கன்னடத்துல பேரம் பேச, கடைக்காரரு நல்ல தமிழ்ல "அண்ணா ஒரே ரேட்டு"ன்னு முடிச்சுட்டாரு. அங்க சாமுராய் கார்புரேட்டர் ஒண்ணு, கிக்கர் ஒண்ணு. மத்ததெல்லாம் நம்ம பக்கத்து காயலாங்கடைங்கள்ல பொறுக்குனது. ஆர்எக்ஸ் 100 ஹேண்டில்பாரு, ஸ்பிளெண்டர் ஹெட்லைட்டு, புல்லட் சைடு ஸ்டாண்டு, மொபெட் ஒண்ணோட ஸ்பீடாமீட்டரு, நாலு இண்டிகேட்டரு நாலு வண்டியோடது.

எதுவும் நேரா உக்காரல. ஒவ்வொண்ணுக்கும் மாமா பட்டி வெட்டி வெல்டிங் அடிச்சு, வாஷர் மேல வாஷர் வெச்சு, சுத்தியில ரெண்டு போட்டுத்தான் ஏத்துனாரு. கிக்கர அமுக்கனும்னா மொதல்ல ஃபுட்ரெஸ்ட்ட மடக்கனும், இல்லன்னா மொழங்காலுக்கு கீழ சதை போயிரும், போச்சு, இன்னும் தழும்பு இருக்கு. இண்டிகேட்டர்ல பல்பு வாட்ஸ் மாறி போனதால இடது பக்கம் அவசர ஆம்புலன்ஸ் மாதிரி அடிக்கும், வலது பக்கம் யோசிச்சு யோசிச்சு ஒரு தடவை. புல்லட் ஸ்டாண்டு நீளம் ஜாஸ்தி, அதனால வண்டி சாயாம விறைப்பா நிக்கும், லேசா காத்தடிச்சா அந்தப்பக்கம் விழுந்துரும். ஒருதரம் கோழி மேல விழ பாத்துச்சு. பழைய குடித்தனக்காரிங்கற கோவம் போல.

டேங்கு மட்டும் விதிவிலக்கு. கிருஷ்ணகிரில ஒரு காயலாங்கடைல பழைய இரும்பு குவியலுக்கு அடியில கெடந்துச்சு, மேல ஏதோ பச்ச பெயிண்டு. ஆயிரத்து நானூறு சொன்னாரு, பேசி ஆயிரத்து இருநூறுக்கு வாங்குனேன். கொண்டாந்து வெச்சா ஒரு அடி அடிக்கல, ஒரு வாஷர் போடல, அப்படியே கச்சிதமா உக்காந்துச்சு. மாமாவே அசந்துட்டாரு. நான் உடனே, பொருள் பாத்து வாங்கறதுக்கு ஒரு கண்ணு வேணும் மாமான்னு ஆரம்பிச்சேன்.

மூடிக்கு சாவி இல்ல. மாமா ஸ்க்ரூ டிரைவர வெச்சு ஒடைக்க போனப்ப, எங்கம்மா சாமி படத்துக்கு பக்கத்துல ஆணில தொங்கிட்டிருந்த பழைய மேக்ஸ் சாவிய எடுத்தாந்து, "இத போட்டு பாருடா"ன்னாங்க. தொறந்துருச்சு! "அந்த காலத்து பூட்டு, எந்த சாவிக்கும் தொறக்கும்"னாரு மாமா. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டுனேன். படிச்சவன்தான் நான், சத்தியமா.

லிட்டருக்கு இவ்வளவுன்னு பெட்ரோல்லயே 2டி ஆயில் கலந்து ஊத்தி, மொத நாள் நாப்பது கிக்கு. நாப்பத்தி ஒண்ணாவதுல புடிச்சுது. எஞ்சினுக்குள்ள இருந்த டீசலும் ஆயிலும் ஒண்ணா எரிஞ்சு வந்த பொகையில பக்கத்து வீட்டு அத்தை டெங்கு கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு ஜன்னல சாத்திட்டு, சோத்து குண்டானுக்கு தட்டு போட்டு மூடிட்டாங்க.

சாயந்தரம் ஊர் டீக்கடை வரைக்கும் போனேன். நாலு பேர் பாக்கனும்ல. டீ குடிச்சு நிப்பட்டு தின்னு, எல்லாரும் பாக்கறாங்கன்னு ஸ்டைலா ஏறி ஒரு கிக்கு. அரை கிக்குல கால எத்தி விட்டுச்சு, ஆனா எஞ்சின் புடிச்சுருச்சு. சத்தம் கொஞ்சம் கரகரன்னு வித்தியாசமா இருந்துச்சு, சளி புடிச்ச மாதிரி. ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச விட்டேன்.

வண்டி பின்னால போச்சு.

ஃபர்ஸ்ட் கியர்லதான் இருக்கு, ஆனா ரிவர்ஸ்ல போகுது. பதட்டத்துல ஆக்சிலேட்டர இன்னும் முறுக்குனேன், அது இன்னும் மரியாதையா பின்னால போய் டீக்கடை பெஞ்சுல ஒக்காந்திருந்த பெரியவரு ஒருத்தர எழுப்பி விட்டுட்டு, தண்ணி டிரம்முல முட்டி நின்னுச்சு. அவரு வேட்டிய ஒதறிக்கிட்டே, "ஏம்பா, டீக்கு காசு குடுக்காம போறியேன்னு வண்டியே திரும்பி வருது"ன்னாரு. நெசமாவே குடுக்கல.

மாமா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு வெவரம் சொன்னாரு. டூ ஸ்ட்ரோக்ல கேம், வால்வு கதையெல்லாம் கெடையாது, பிஸ்டன் ஏறி எறங்கறப்ப போர்ட்டுங்கற ஓட்டைங்க தொறந்து மூடும், அவ்வளவுதான். எஞ்சின் எந்தப்பக்கம் சுத்துனாலும் அதுக்கு ஒண்ணுதான். இக்னிஷன் டைமிங், அதான் பிளக்குல பொறி அடிக்கற நேரம், தப்பா இருந்து, கிக்கும் அரைகுறையா அமுக்குனா, பிஸ்டன் மேல வர்றதுக்குள்ள நெருப்பு புடிச்சு திருப்பி ஒதைச்சு உல்ட்டாவா ஓட ஆரம்பிச்சுரும். அந்த டைமிங்க வெக்கற மேக்னெட்டு பிளேட்ட மாத்தி முறுக்குனது யாருங்கற கேள்விக்கு மட்டும் அவரு டீ சொல்லிட்டு வேற பேச்சு பேசுனாரு.

டைமிங் சரி பண்ணி, வண்டி இப்ப முன்னாலதான் போகுது. ஸ்பீடாமீட்டரு மட்டும் அறுபது காட்டும், ஸ்கூல் புள்ளைங்க சைக்கிள்ல ஓவர்டேக் பண்ணிட்டு போகும்.

டேங்க கருப்படிக்கலாம்னு ஞாயித்துக்கெழம உப்புத்தாள் போட்டு தேச்சுட்டிருந்தேன். பச்சைக்கு கீழ கருப்பு வந்துச்சு. இன்னும் தேச்சா இடது பக்கம் ஒரு நெளிசல், கேன் கொக்கி தினம் இடிச்சு இடிச்சு வர்ற அதே எடத்துல. அப்பா பின்னால வந்து நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "அட, நம்ம டேங்கு! அந்தாளு இன்னும் விக்காமயா வெச்சிருந்தான்"னாரு. சொன்னப்பறம்தான் அவருக்கே ஒறைச்சுது. திருட்டுப்பய யாருன்னு எனக்கும் ஒறைச்சுது.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

"எவ்வளவுக்குப்பா போட்டீங்க?"

"எடை போட்டு நூத்தம்பது குடுத்தான். மாட்டுக்கு ஊசி போட காசு வேணும்னு... அது கெடக்கட்டும், நீ எவ்வளவு குடுத்து எடுத்த?"

"நூறுப்பா."

"பரவால்லயே, அம்பது ரூவா லாபம்தான்!"

உள்ள இருந்து என் வீட்டம்மா இருமுன சத்தம் கேட்டுச்சு. அவ ஜிபே மெசேஜ் பாத்திருந்தா.